மேளத்தையும் விடாதீர்கள், மாத்திரையையும் விடாதீர்கள்

லண்டன் புறநகர் ஒன்றிலிருந்து 49 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கலியாணம் முடித்து 1999இல் இங்கிலாந்து வந்தார். பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலை. பிள்ளைகள் இருவரும் வளர்ந்து வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டில் கணவரும் மாமியும். கொரோனாக் காலத்தில் ஊரில் அம்மா இறந்தபோது போக முடியவில்லை. செத்தவீட்டைக் கைபேசியில்தான் பார்த்தார். அதற்குப் பிறகு நித்திரை போனது, சாப்பாடு போனது. மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்லி செர்ட்ராலின் மாத்திரை கொடுத்தார்.

எட்டு மாதத்துக்கு முன், கூட வேலை செய்யும் கினி நாட்டுப் பெண் ஒருவர், பெண்களுக்கான மேற்கு ஆப்பிரிக்க மேள, ஆட்ட வகுப்புக்கு இவரைக் கூட்டிப் போனார். வியாழக்கிழமை மாலைகளில், ஒரு சமூக மண்டபத்தில், இருபது பெண்கள். கினி, நைஜீரியா, ஜமைக்கா, இங்கிலாந்து என்று எல்லா இடத்துக்காரரும் உண்டு. "முதல் நாள் ஜெம்பே மேளத்தில் கை வைத்ததும் அழுகை வந்தது. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார்" என்று எழுதுகிறார். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் மேளக்காரர்களை நோக்கிப் போய்த் தரையைத் தொட்டு நெஞ்சில் வைப்பார்களாம். சின்ன வயதில் பரதம் பழகியபோது தட்டிக் கும்பிட்ட ஞாபகம் வந்ததாம்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. ஆங்கில வகுப்பு என்று சொல்லியிருந்தார். அக்டோபர் மாதம் கறுப்பின வரலாற்று நிகழ்ச்சி ஒன்றில் குழு ஆடியது. அந்த வீடியோவை உறவுக்காரர் ஒருவர் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். கணவர், "இந்த வயசில உமக்கு உது தேவையோ? சனம் என்ன சொல்லும்? இனிப் போனால் பேங்க் காட்டை வாங்கி வைப்பன்" என்றார். மாமி, "கறுப்புச் சனத்தோட சேர்ந்து பறைமேளம் அடிக்கிறாள்" என்றார். மூன்று வாரத்துக்கு முன் இவர் மாத்திரையைத் தானே நிறுத்தியிருக்கிறார். மேளமே மருந்து என்று நம்பியதால். இப்போது தலைச்சுற்று, எரிச்சல், காரணமில்லாத அழுகை, தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற உணர்வு. "சில நாள் எழும்பவே வேண்டாம் போல இருக்கு" என்றும் ஒரு வரி.

முக்கியமாகக் கேட்பது மூன்று. வகுப்பை விட்டுவிடவா? இன்னொரு இனத்தின் கலையை நான் ஆடுவது சரியா? மேளம் உள்ளே இருந்ததையெல்லாம் கிளறிவிட்டு எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

அன்புள்ள சகோதரி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது.

முதலில் மாத்திரை

உங்களுக்குப் பைத்தியம் இல்லை. மேளமும் எதையும் கிளறிவிடவில்லை. செர்ட்ராலின் போன்ற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், நித்திரைக் குழப்பம், நீங்கள் சொல்லும் அந்தக் கரண்ட் அடிக்கும் உணர்வு எல்லாம் வரலாம். மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. அதனால்தான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார்கள். ஆனால் மூன்று வாரம் ஆகிவிட்டதால் பழைய மனச்சோர்வே திரும்பி வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நான் ஆலோசகர், மருந்து எழுதுபவர் அல்ல. இரண்டில் எது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போய், நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். ஏசமாட்டார், தினமும் யாராவது அவரிடம் இதையே சொல்வார்கள். ஆங்கிலத்தில் சொல்லச் சிரமமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், இலவசம். இந்த ஒரு சந்திப்பில் கணவரை மொழிபெயர்க்க விட வேண்டாம்.

எழும்பவே வேண்டாம் என்று எழுதிய வரியை நான் கடந்து போகவில்லை. அது களைப்பின் பேச்சாக இருக்கலாம், செத்துப் போகும் எண்ணமாகவும் இருக்கலாம். எதுவென்று உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது என்றால் மருத்துவருக்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே 111 அழைத்து 2ஐ அழுத்துங்கள். மனநல உதவிக்கான வழி அது. சமாரிட்டன்ஸ் 116 123, எந்த நேரமும் எடுப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 999.

மேளம் மனச்சோர்வைக் குறைக்கும் என்று எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பொய்யில்லை. லண்டனில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், மனநலச் சேவை பெறுபவர்கள் வாரம் ஒருநாள் 90 நிமிடம் வட்டமாக உட்கார்ந்து ஜெம்பே அடித்தார்கள். பத்து வாரத்தில் மனச்சோர்வு அளவு 38 சதவீதமும் பதற்றம் 20 சதவீதமும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், மேளக் குழுவில் சுமார் முப்பது பேர். ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: அதில் சேர்ந்தவர்கள் மனச்சோர்வு மாத்திரை எடுத்துக்கொள்ளாதவர்கள். மாத்திரை எடுப்பவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மேளத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். குறைக்கும் காலம் வந்தால் மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்கலாம். அந்தக் காலத்தில் வியாழக்கிழமை வகுப்பு உங்களுக்கு இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

மேளம் யாருடையது?

உங்கள் குழுவில் யாரோ, ஆப்பிரிக்காவில் மேளமெல்லாம் ஒரு காலத்தில் பெண்களுடையது, ஆண்கள் பறித்துக்கொண்டார்கள் என்று சொன்னார்களாம். அது உங்களுக்குப் பெரிய தெம்பைக் கொடுத்தது என்றும் தெரிகிறது. இருந்தாலும் திருத்த வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உண்மை இதைவிடச் சுவையானது.

ஜெம்பே மாண்டே மக்களின் மேளம். இன்றைய கினி, மாலி பக்கத்தது. ஊர் வழக்கத்தில் ஜெம்பேயையும், கூட நிற்கும் டுனுன்பா, சங்பான், கென்கெனி என்ற மூன்று பெரிய மேளங்களையும் அடித்தவர்கள் ஆண்கள். பெண்கள் பாடினார்கள், கை தட்டினார்கள், ஆடினார்கள், கரிஞ்ஞான் என்ற இரும்புத் தாளத்தைத் தட்டினார்கள், தண்ணீரில் சுரைக்குடுவையைக் கவிழ்த்து அதையே மேளமாக அடித்தார்கள். இதைக் கேட்டு, அப்படியானால் பெண்களுக்கு இரண்டாம் இடம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். மாலியின் பமாகோ நகரத்தில் கலியாணக் கொண்டாட்டம் என்றால் அழைப்பதும் ஆடுவதும் மேளக்காரருக்குக் காசு கொடுப்பதும் பெரும்பாலும் பெண்கள். ஆடுபவளின் காலைப் பார்த்துத்தான் முதல் மேளக்காரர் அடிக்க வேண்டும். அவள் வேகம் கூட்டினால் அவரும் கூட்டுவார். செனகலில் சபார் என்ற மேளம். தெருவில் வட்டம் போட்டு, ஒவ்வொரு பெண்ணாக நடுவில் பாய்ந்து சில நொடி ஆடிவிட்டுத் திரும்புவாள். அதையும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சங்கங்கள்தான் கூட்டுகின்றன. நீங்கள் மண்டபத்தில் கண்ட கூட்டுறவு லண்டனில் புதிதாகப் பிறந்ததல்ல.

மாண்டே மக்களில் ஒரு பிரிவான மலிங்கே மக்களிடம் மொரிபயஸ்ஸா என்று ஓர் ஆட்டம் உண்டு. உங்கள் வகுப்பில் இன்னும் கற்றுத் தரவில்லை என்றால் கேளுங்கள். நீண்ட நாள் கஷ்டத்தில் இருந்த பெண், பிள்ளை இல்லாத துயரமோ, தீராத நோயோ, நினைத்தது நடந்துவிட்டால் மொரிபயஸ்ஸா ஆடுவதாக நேர்ந்துகொள்வாள். நடந்ததும் கிழிந்த பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி ஆடுவாள். மற்றப் பெண்கள் பாடிக்கொண்டே பின்னால் போவார்கள். முடிவில் அந்த உடுப்பைக் களைந்து புதைத்துவிட்டு வேறு உடுத்துவாள். அவள் பட்ட பாடு ஊருக்கே தெரிகிறது, அது தீர்ந்ததும் தெரிகிறது. நீங்கள் உங்கள் துக்கத்தை நாலு வருஷம் அறைக்குள் வைத்திருந்தீர்கள். அந்த வட்டத்தில் உங்களுக்கு ஏன் முதல் நாளே அழுகை வந்தது என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பெண்கள் மேளத்தையே கையில் எடுத்தது பெரும்பாலும் அண்மைக் கதை. செனகலின் தலைநகர் டாகாரில் டூடூ ந்தியாய் ரோஸ் என்ற பெரும் மேளக்காரர் (2015இல் காலமானார்) தன் மகள்களையும் பேத்திகளையும் வைத்து லே ரோசெத் என்ற பெண்கள் மேளக் குழுவை அமைத்தார். ருவாண்டாவில் பெண்கள் மேளத்துக்குக் கிட்டப் போகவே கூடாது என்பது வழக்கமாக இருந்தது. 1994 இனப்படுகொலைக்குப் பத்து வருஷம் கழித்து, 2004இல், ஒடில் கக்கிரே கட்டேசே என்ற நாடகக் கலைஞர் புட்டாரே நகரத்தில் இங்கோமா ன்ஷியா என்ற பெண்கள் குழுவைத் தொடங்கினார். குடும்பத்தைப் பறிகொடுத்தவர்களும், கொலை செய்தவர்களின் குடும்பத்துப் பெண்களும் அதில் பக்கத்துப் பக்கத்தில் நின்று அடித்தார்கள். 2010இல் அதே ஊரில் ஐஸ்கிரீம் கடையும் திறந்தார்கள். அடிக்கும்போது வரும் மகிழ்ச்சியோடு வருமானமும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்து நாடான புருண்டியில் கதை நேர் எதிர். அங்கே அரச மேள ஆட்டம் 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2017இல் ஜனாதிபதி ஆணை ஒன்று, மேளம் ஆண்களுக்கு மட்டும், பெண்கள் அடிக்கக் கூடாது என்றது. ஆக, ஆப்பிரிக்காவில் பெண்ணும் மேளமும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிக்க முடியாது. ஊருக்கு ஊர் வேறு, இன்றைக்கும் போராட்டம் நடக்கிறது. பறிபோன சொத்தைத் திரும்ப எடுத்தோம் என்ற கதையைவிட, இல்லாத இடத்தில் இடம் பிடித்தார்கள் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொருவரின் கலையை நான் ஆடலாமா?

நீங்கள் அழைக்கப்பட்டுப் போனவர். கினிக்காரத் தோழி கையைப் பிடித்துக் கூட்டிப் போனார், மேடையிலும் அவர்கள் நடுவில் நின்றுதான் ஆடினீர்கள். அதில் எந்தத் தவறும் இல்லை. விருந்தாளிக்கு உள்ள மரியாதை மட்டும் வேண்டும். எந்தத் தாளம் எந்த மக்களுடையது, எப்போது அடிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குக்கு வேறு, சோலி வேறு. சோலி பிள்ளைகளின் விருத்தசேதனச் சடங்கோடு சேர்ந்தது. ஆசிரியருக்கு உரிய கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பொதுவாக "ஆப்பிரிக்க டான்ஸ்" என்று சொல்லாமல் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பழகுங்கள்.

இன்னொன்று. இலங்கையிலேயே புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் இருக்கிறார்கள். மஞ்சா என்ற அவர்களுடைய பாட்டையும் ஆட்டத்தையும் இன்றும் காத்து வருகிறார்கள், பெண்கள் முன்னால் நின்று பாடுகிறார்கள். நம் சனம் அவர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை.

மாமி சொன்னதும் கணவர் சொன்னதும்

மாமியின் ஒரு வாக்கியத்தில் இரண்டு இழிவு இருக்கிறது. கறுப்பின மக்கள் மேல் ஒன்று, பறை அடித்தவர்கள் மேல் ஒன்று. ஊரில் ஒரு சாதியைச் சாவீட்டில் மேளம் அடிக்க வைத்து, அடித்ததற்காகவே அவர்களைத் தள்ளி வைத்தோம். அந்த வெட்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கும் கொண்டுவந்திருக்கிறோம். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் அதே பறையைத் தலை நிமிர்ந்து மேடையில் அடிக்கிறார்கள். புலம்பெயர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று ஆசையோடு பறை பழகுகிறார்கள். மாமியின் மனதை இந்த வயதில் மாற்ற உங்களால் முடியாமல் போகலாம். ஆனால் "நான் பறை அடிக்கவில்லை மாமி, இது வேற மேளம்" என்று மட்டும் சொல்லித் தப்பிக்காதீர்கள். அது அவர் சொன்ன இழிவை ஒப்புக்கொள்வதாகிவிடும். ஆட்டுத்தோலைத் தொடுகிறாள் என்றும் குறை சொன்னாராம். மிருதங்கத்திலும் தோல்தான் இருக்கிறது என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

கணவர் விஷயத்தில் நான் உங்களோடு முழுதாக ஒத்துப் போகவில்லை. அவருக்கு ஆட்டம் பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதம் ஒவ்வொரு வியாழனும் ஒரு பொய் சொல்லியிருக்கிறீர்கள், அவர் அதை உறவுக்காரர் முன்னால், வாட்ஸ்அப்பில் தெரிந்துகொண்டார். ஏன் மறைத்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. கேட்டால் வேண்டாம் என்பார் என்று பயந்தீர்கள். ஆனாலும் அந்த மனுஷனுக்கு அது அவமானம். மறைத்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள், ஆடியதற்கு வேண்டாம். மாமி இல்லாத நேரமாகப் பார்த்து, "அம்மா செத்த பிறகு எனக்கு முதல் தடவை மூச்சு விட முடிஞ்சது அங்கதான்" என்று சொல்லுங்கள். கடிதத்தில் எனக்கு எழுதியதை அவருக்கு நீங்கள் சொல்லவே இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது வங்கி அட்டை. கோபத்தில் ஒரு தடவை வாய் தவறி வந்த சொல் என்றால், பேசித் தீர்க்கக்கூடியது. உண்மையிலேயே அட்டையைப் பறிப்பது, உங்கள் சம்பளத்தை நீங்கள் தொட முடியாமல் செய்வது, எங்கே போகிறீர்கள் என்று ஓயாமல் கண்காணிப்பது, ஆட்களைப் பார்க்க விடாமல் தடுப்பது என்று தொடர்ந்து நடந்தால் அது குடும்பச் சண்டை அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படித் தொடர்ந்து கட்டுப்படுத்தி அடக்குவது 2015 டிசம்பர் முதல் குற்றம். 2021ஆம் ஆண்டுச் சட்டம் பணத்தை வைத்து அடக்குவதையும் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது. முன்பும் இப்படி நடந்திருக்கிறதா என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள். ஆம் என்றால், 0808 2000 247 என்ற குடும்ப வன்முறை உதவி எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம். பேசினால் பொலிஸ் வீட்டுக்கு வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். என்ன வழிகள் உண்டு என்று சொல்வார்கள், முடிவு உங்களுடையது. மகள், அப்பாவை விட்டுவிட்டு வாங்கோ என்கிறாராம். பாசத்தில் சொல்கிறார். மாத்திரையை நிறுத்தி மூன்று வாரமான நிலையில் அவ்வளவு பெரிய முடிவு எடுக்க வேண்டாம், அடி உதை பயம் இருந்தால் தவிர. அப்படி இருந்தால் எதற்கும் காத்திருக்காதீர்கள்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம்

வகுப்பில் மோதிரத்தையும் வளையலையும் கழற்றச் சொன்னது மாமிக்கு அபசகுனமாகப் பட்டிருக்கிறது. மோதிரத்தோடு அடித்தால் தோலும் கிழியும், விரலும் வீங்கும், அதற்காகத்தான். தாலியைக் கழற்ற யாரும் சொல்லவில்லையே. நிறைய நேரம் பலமாக அடித்த பிறகு சிறுநீர் சிவப்பாகவோ கோலா நிறத்திலோ போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உள்ளங்கை அடிபட்டு இரத்தச் சிவப்பணு உடைவதால் சிலருக்கு வருவதுண்டு. மூடிய மண்டபத்தில் காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளை பெற்ற பெண்களில் இது மிகச் சாதாரணம். இடுப்புத் தள தசைகளுக்கென்றே இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள், உங்கள் மருத்துவரிடம் அதையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்காக ஆட்டத்தை விட வேண்டாம்.

வகுப்பை விடுவதா?

வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களைத் தாங்கியது தோலும் மரமும் மட்டுமல்ல. நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க அங்கே இருபது பெண்கள் இருக்கிறார்கள். 1955இல் தார் எஸ் சலாமில் பீபி தித்தி முகமது, தான் பாடி வந்த ங்கோமா ஆட்டக் குழுக்களின் பெண்களிடம்தான் போய் டாங்கன்யிக்காவின் (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) விடுதலைக் கட்சிக்கு ஆள் சேர்த்தார். சில மாதங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்தார்கள். ஏற்கெனவே ஒன்றாக ஆடிப் பழகியவர்கள், ஒருவரையொருவர் நம்பியவர்கள். அந்த மாதிரி நம்பிக்கை கிடைத்த இடத்தை யாரும் சும்மா விட்டுவிடக் கூடாது. உங்கள் கினித் தோழியிடமும் மாத்திரை விஷயத்தைச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. இரண்டு வாரம் உடம்பு முடியாவிட்டால் ஆடாமல் உட்கார்ந்து கை தட்டினாலும் போதும்.

கினிக்குப் போய் இரண்டு வாரம் பழகும் பயணத்துக்குச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசைக் கணவருக்குத் தெரியாமல் எடுத்துக் கட்டலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். காசு உங்கள் உழைப்பு, போக உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இன்னொரு ஒளிவு வேண்டாம். அடுத்த வருஷம்தானே, முன்பணம் கட்டும் கடைசி நாள் எது, பிறகு வர முடியாவிட்டால் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டுவதாக இருந்தால் கணவரிடம் சொல்லிவிட்டுக் கட்டுங்கள். கேட்க வேண்டியதில்லை, சொன்னால் போதும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி விசாரியுங்கள். மலேரியா மாத்திரை எழுதும்போது மனச்சோர்வு இருந்தது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மெஃப்லோகுயின் என்ற மாத்திரை உங்களுக்கு ஆகாது, வேறு நல்ல மாத்திரைகள் இருக்கின்றன.

மருத்துவரைப் பார்த்த பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.